தண்டவாளத்தின் ஓரமாக: யாழ்ப்பாணத்திலிருந்து காங்கேசன்துறைக்கு சைக்கிளில் போக ஒரு முழுமையான வழிகாட்டி

வெளிநாடுகளில் கைவிட்ட ரயில் பாதைகளை நடக்கவும் சைக்கிள் ஓடவும் ஏற்ற பாதைகளாக மாற்றி வைத்திருக்கிறார்கள். அங்கே அதில் ஓடிப் பழகியவர்கள் லீவில் ஊருக்கு வந்தால் "இங்கே அப்படி ஒன்று இல்லையோ?" என்று கேட்பார்கள். முன்பு இருந்தது. யாரும் திட்டம் போடாமல், பெயர்ப்பலகை நடாமல், தானாக உண்டானது.

1990 ஜூனில் யாழ்தேவி ரயில் கடைசியாகப் புறப்பட்டுப் போன பிறகு 24 வருடங்கள் யாழ்ப்பாணத்தில் ரயில் ஓடவில்லை. தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் போரில் பங்கர் கட்டப் போயின. மிஞ்சிய மண் அணையில் சனம் நடந்தது, சைக்கிள் ஓடியது, ஆடு மாடு கட்டியது. கூரை இழந்து நின்ற யாழ்ப்பாணம் நிலையத்தைப் படம் எடுக்காத பயணி இல்லை. பிறகு இந்தியக் கடனுதவியில் பாதை மறுபடி போடப்பட்டது. 2014 ஒக்டோபர் 13 அன்று யாழ்ப்பாணம் வரையும், 2015 ஜனவரி 2 அன்று காங்கேசன்துறை வரையும் ரயில் வந்தது. அணையில் ஓடிய சைக்கிள்கள் பக்கத்து ஒழுங்கைகளுக்கு இறங்கின.

அந்த ஒழுங்கைகள்தான் இந்த வழிகாட்டியின் பாதை. யாழ்ப்பாணத்தில் தொடங்கி கொக்குவில், கோண்டாவில், இணுவில், சுன்னாகம், மல்லாகம், தெல்லிப்பழை, மாவிட்டபுரம் வழியாகக் காங்கேசன்துறை வரை ஏறத்தாழ 18 கிலோமீற்றர். ஒரு நிலையத்திலிருந்து அடுத்ததற்கு இரண்டு மூன்று கிலோமீற்றருக்கு மேல் இல்லை. ஏற்றம் இறக்கம் என்று சொல்ல எதுவும் கிடையாது. பத்து வயதுப் பிள்ளைக்கும் முடியும், அறுபது வயதுப் பெரியவருக்கும் முடியும். காங்கேசன்துறை வீதியால் நேரே விட்டால் ஒன்றேகால் மணி நேரத்தில் போய்விடலாம். ஆனால் மினிபஸ்சின் ஹோர்னைத் தவிர அந்த வழியில் ஒன்றும் ஞாபகம் நிற்காது. ஒழுங்கையால் போவதானால் அரை நாள் ஒதுக்குங்கள். வழியில் கோயில், கிணறு, தோட்டம் என்று நிற்கிற ஆளானால் ஒரு நாள் வேண்டும்.

தொடங்குவதற்கு முன்: தண்டவாளத்தில் ஏறக் கூடாது

இதை முதலிலேயே சொல்லிவிடவேண்டும். பழைய பழக்கத்தில் இன்னும் சிலர் தண்டவாளத்தின் நடுவே நடக்கிறார்கள், காதில் போனோடு. பாதையில் நடப்பது சட்டப்படி குற்றம், அது ஒரு பக்கம். மற்றப் பக்கம், இது பழைய தட்டுத்தடுமாறும் பாதை இல்லை. கொங்கிறீட் சிலிப்பரில் பூட்டிய புதுத் தண்டவாளம், ரயில் வேகமாக ஓடவென்றே போட்டது. காற்று எதிர்த்திசையில் அடித்தால் சத்தம் கேட்க முன்னமே ரயில் வந்துவிடும். பாதை திறந்த பிறகு வடக்கில் கடவைகளில் போன உயிர்கள் கொஞ்சமல்ல.

கடவைகள் மூன்று மாதிரி. படலை போட்டு ஆள் நிற்கும் கடவை, விளக்கும் மணியும் மட்டும் உள்ள கடவை, ஒன்றுமே இல்லாத ஒழுங்கைக் கடவை. நாங்கள் போகும் பாதையில் மூன்றும் வரும். எதுவானாலும் செய்ய வேண்டியது ஒன்றுதான்: சைக்கிளை விட்டு இறங்குங்கள், இரண்டு பக்கமும் பாருங்கள், உருட்டிக்கொண்டு கடவுங்கள். ஓடியபடி சரிவாகக் கடந்தால் முன் சில்லு தண்டவாளத்தின் இடைவெளிக்குள் இறங்கிவிடும். மெல்லிய ரயர் போட்ட றேசிங் சைக்கிளுக்கு இது இன்னும் பொருந்தும். பிள்ளைகளோடு போனால் பெரியவர் ஒருவர் முதலில் கடந்து நின்று ஒவ்வொருவராகக் கூப்பிட வேண்டும். ஒரு ரயில் போனவுடன் கடக்கவும் கூடாது. ரயில் மறைத்த பக்கத்தையும் ஒருக்கால் பார்த்துவிட்டுக் கடவுங்கள்.

எந்த மாதம், எந்தத் திசை

எங்கள் ஊரில் சைக்கிளுக்கு மேடு பள்ளம் எதிரி இல்லை, காற்றுத்தான் எதிரி. வைகாசியிலிருந்து புரட்டாதி வரை சோளகக் காற்று தென்மேற்கிலிருந்து அடிக்கும். அந்தக் காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து வடக்கே போனால் காற்று முதுகில் கை வைத்துத் தள்ளும். திரும்பி வருவது பெரும்பாடு. ஆகவே சோளகக் காலத்தில் காங்கேசன்துறைக்குச் சைக்கிளில் போய், ரயிலிலோ பஸ்சிலோ திரும்புங்கள். வடகிழக்கிலிருந்து வாடைக் காற்று அடிக்கும் காலத்தில் இதை அப்படியே மாற்றுங்கள்: காலையில் ரயிலில் காங்கேசன்துறைக்குப் போய், அங்கிருந்து தெற்கே ஓடி வாருங்கள். கீழே நான் வடக்கே போகும் வரிசையில் எழுதியிருக்கிறேன். வாடைக்குப் போகிறவர்கள் கடைசியிலிருந்து வாசிக்கலாம்.

ஐப்பசி, கார்த்திகையில் மழை. ஒழுங்கைகள் செஞ்சேறாகி, சில்லுக்கும் மட்காட்டுக்கும் நடுவில் மண் அடைத்து, சைக்கிளைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டி வரும். சித்திரை வெயில் ஆளை விழுத்தும். என் தெரிவு தை, மாசி. மழை விட்டுக் கிணறுகள் நிறைந்திருக்கும், தோட்டங்கள் பச்சையாக இருக்கும், பனங்கிழங்குக் கட்டு வீதியோரம் விற்பார்கள். நுங்கு தின்ன ஆசையானால் வைகாசி, ஆனி. வெயிலைச் சமாளிக்க விடியற்காலை ஐந்தரைக்கு வெளிக்கிட வேண்டும்.

சைக்கிளும் சாமானும்

விலையுயர்ந்த சைக்கிள் தேவையில்லை. வீட்டு வாசலில் நிற்கும் லுமாலா போதும். கரியர் இருந்தால் இன்னும் நல்லது, தண்ணீர்ப் போத்தலையும் தோய (குளிக்க) உடுப்பையும் கட்டலாம். வாடகைக்கு எடுக்கிறவர்கள் நகரத்தில் விருந்தினர் விடுதிகளில் கேளுங்கள், பல இடங்களில் நாள் கணக்கில் கொடுக்கிறார்கள். எடுக்கும்போது இரண்டு பிறேக்கையும் பிடித்துப் பாருங்கள், சீற்றின் உயரத்தைச் சரி செய்யுங்கள், பெல் அடிக்கிறதா என்று பாருங்கள். ஒழுங்கைகளில் மதில்கள் வளைவு வரை எழும்பி நிற்பதால், எதிரே வருகிற மோட்டார்சைக்கிளுக்கு உங்களைக் காட்டிக்கொடுப்பது அந்த பெல் ஒன்றுதான்.

ரியூப் ஒட்டப் பயப்படத் தேவையில்லை. ஒவ்வொரு சந்தியிலும் ஒரு சைக்கிள் கடை இருக்கும், வாசலில் தொங்கும் பழைய ரயர்தான் அதன் பெயர்ப்பலகை. போர்க்காலத்துப் பொருளாதாரத் தடையின்போது யாழ்ப்பாணமே சைக்கிளில் ஓடியது. பெற்றோல் இல்லை, மோட்டார்சைக்கிளே மண்ணெண்ணெய்யில் இருமிக்கொண்டு ஓடிய காலம். அப்போது கை பழகிய ஒட்டுக்காரர் இன்னும் சிலர் இருக்கிறார்கள். ரியூப்பைத் தண்ணீர்ச் சட்டிக்குள் அமுக்கி, குமிழி வரும் இடத்தைக் குச்சியால் அடையாளம் வைத்து, அரத்தால் உராய்ந்து, சொலுசன் பூசி, ஊதிக் காய வைத்து ஒட்டுவார். பக்கத்தில் நின்று பார்க்கலாம், அரசியலும் கேட்கலாம். ஞாயிற்றுக்கிழமை பல கடைகள் பூட்டு என்பதால் அன்று போனால் ஒரு சிறிய பம்மும் மாற்று ரியூப்பும் கொண்டு போங்கள்.

தொப்பி, இரண்டு லீற்றர் தண்ணீர், சில்லறைக் காசு. கோயிலுக்குள் போக ஆண்களுக்கு ஒரு வேட்டி, பெண்களுக்கு முழங்காலுக்குக் கீழே வரும் உடுப்பு. கடைசியில் வரும் கீரிமலைக் கேணியில் தோய மாற்றுடுப்பும் துவாயும்.

முதல் கட்டம்: யாழ்ப்பாணம் நிலையத்திலிருந்து கொக்குவில்

நிலையத்தின் முன்னால் நின்று ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டுத் தொடங்குங்கள். அடுத்த ரயில் நேரங்களை உள்ளே பலகையில் பார்த்து போனில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். எந்தக் கடவையில் எப்போது கவனம் என்பதற்கும் உதவும், திரும்பி வரவும் உதவும். நேர அட்டவணை அடிக்கடி மாறுகிறது, இணையத்தில் கிடப்பதை நம்பாதீர்கள்.

தெற்கிலிருந்து வரும் பாதை நகரத்தின் கிழக்குப் பக்கத்தால் நுழைந்து, நிலையத்தைத் தாண்டி வடக்கே வளைகிறது. இதற்குப் பிறகு இணுவில் வரை தண்டவாளம் காங்கேசன்துறை வீதிக்கும் பலாலி வீதிக்கும் நடுவில் ஓடும். முழுப் பயணத்திலும் திசை தெரிய இந்த ஒன்று போதும்: காங்கேசன்துறை வீதியை ஒருபோதும் அதிகம் விட்டு விலகாதீர்கள். இணுவிலுக்கு முன் வழி தவறினால் மேற்கே திரும்புங்கள், ஐந்து பத்து நிமிடத்தில் அந்த வீதியில் ஏறிவிடுவீர்கள்.

போன் வரைபடம் ஒழுங்கைகளில் ஏமாற்றும். பாதை என்று அது காட்டுவது சிலவேளை யாரோ ஒருவரின் வளவுக்குள் போய் முடியும். ஆளைக் கேட்பதுதான் திறம். "அண்ணை, ஸ்ரேசனுக்கு எப்பிடிப் போறது?" என்றால் பதில் இப்படி வரும்: "உதால நேர போங்கோ, ஒரு மதவடி வரும், அதில சோத்துக்கைப் பக்கம் திரும்பினா வைரவர் கோயில், அதுக்கங்கால ஸ்ரேசன்தான்." மதவு என்றால் சின்னப் பாலம், சோத்துக்கை என்றால் வலக்கை. வீதிப் பெயர் யாரும் சொல்ல மாட்டார்கள். மதவடி, ஆலடி, புளியடி, மடத்தடி என்றுதான் வழி சொல்வார்கள், ஆலும் புளியும் எப்போதோ தறிபட்டிருந்தாலும்.

நகரத்தின் கடைகளும் தனியார் கல்வி நிலையங்களும் கொக்குவில் வரை விடாது வரும். காலை ஏழரைக்கும் எட்டுக்கும் இடையில் இங்கே மாட்டிக்கொள்ளாதீர்கள். வெள்ளைச் சட்டைப் பிள்ளைகளின் சைக்கிள்கள் நாலு பேர் அருகருகாக ஓடும் நேரம் அது. கொக்குவிலில் நிற்கப் பெரிய காரணம் இல்லை.

இரண்டாம் கட்டம்: கோண்டாவில், இணுவில்

கோண்டாவிலுக்கு அங்கால்தான் ஊர் தொடங்குகிறது. மதில்கள் குறைந்து, இடைக்கிடை கதிகால் வேலி தலைகாட்டும். கிடுகு வேலி இப்போது அபூர்வம், தகரமும் கொங்கிறீட்டும் அதன் இடத்துக்கு வந்துவிட்டன. பிறகு திடீரென்று வீடுகள் விலகி செம்மண் தோட்டம் திறக்கும்.

இந்த இடத்தில் இறங்கி நடக்கச் சொல்வேன். வலிகாமம் என்பது இந்தப் பாதை ஓடும் பகுதியின் பெயர், அதன் தோட்டத்தைச் சைக்கிளில் இருந்து பார்த்தால் வெறும் பச்சை. கிட்டப் போனால்தான் ஒரு பரப்பு, இரண்டு பரப்பு (பரப்பு என்பது எங்கள் நில அளவு) என்று துண்டுகளாக எப்படிப் பிரித்துச் செய்கிறார்கள் என்று தெரியும். ஒரு துண்டில் வெங்காயம், பக்கத்தில் மிளகாய், அதற்கப்பால் புகையிலை, வரம்போரம் மரவள்ளி. இங்கே வருடம் முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. கீழே இருப்பது சுண்ணக்கல், மழைத்தண்ணீர் அதற்குள் இறங்கித் தேங்கி நிற்கிறது. அதைக் கிணற்றால் அள்ளித்தான் இத்தனையும். துலா மிதித்து இறைத்த காலம் போய்விட்டது, மிசின்தான் இறைக்கிறது. தண்ணீர் வாய்க்காலால் ஓடி வரும்போது ஒருவர் மண்வெட்டியோடு நின்று ஒவ்வொரு பாத்தியாக வாயை வெட்டி, நிறைந்ததும் மண்ணை இழுத்து அடைத்து, அடுத்ததைத் திறப்பார். வெறுங்காலோடு, ஒரு சொல் பேசாமல், ஒரு துளி வீணாகாமல். புகையிலையைத் தொட்டுப் பார்க்க ஆசைப்பட்டால் கேட்டுவிட்டுத் தொடுங்கள். விரல்களில் பிசின் ஒட்டும், சோப் போட்டாலும் இலேசில் போகாது.

வரம்பில் நடக்கலாம், பாத்தியில் கால் வைக்கக் கூடாது. இறைக்கும் கிணற்றில் முகம் கழுவக் கேட்டால் இல்லை என்று சொல்பவரை நான் கண்டதில்லை. ஆனால் குடிக்காதீர்கள். பசளையும் மருந்தும் போடும் தோட்டக் கிணறுகளின் தண்ணீரில் நைத்திரேற்று அதிகம்.

இணுவில் நாதஸ்வரமும் தவிலும் பரம்பரையாக வளர்ந்த ஊர். தவில் மேதை தட்சணாமூர்த்தி பிறந்த மண். திருவிழாக் காலத்தில் ஒழுங்கைக்குள் போனால் எங்கோ ஒரு வீட்டில் தவில் சாதகம் பண்ணுவது மதிலுக்கு மேலால் வரும். கந்தசுவாமி கோயிலின் மஞ்சம், அதாவது சுவாமி வீதி வரும் மர வாகனம், சிற்ப வேலைக்குப் பேர் போனது. திருவிழா நாளில் போகாவிட்டால் மஞ்சத்தை வெளியே காண்பது கடினம், கோயிலில் விசாரித்துப் பாருங்கள். வீதியோரம் பெண்களுக்கென்று அமெரிக்க மிசன் 1898இல் தொடங்கிய மக்லியட் மருத்துவமனையும் இங்கேதான். எங்கள் அம்மம்மாமாரின் தலைமுறையில் வலிகாமத்துப் பிள்ளைகள் பலர் பிறந்தது அங்கே.

களைத்தால் சனசமூக நிலையத்தில் இருங்கள். ஊருக்கு ஒன்றல்ல, குறிச்சிக்கு ஒன்று இருக்கும். வாங்கு, மேசை, அன்றைய பத்திரிகை. நீங்கள் யார் என்று கேட்பார்கள், சொன்னால் உங்களுக்கும் அவர்களுக்கும் பொதுவாக ஒரு சொந்தக்காரரைக் கண்டுபிடிக்காமல் விடமாட்டார்கள். அதற்கு ஒரு அரை மணி நேரம் கணக்கில் வையுங்கள்.

மூன்றாம் கட்டம்: சுன்னாகம், பக்கத்தில் கந்தரோடை

சுன்னாகத்தில் சந்தைதான் முக்கியம். காலை பத்து மணிக்கு முன் போனால் வாழைக்குலை அடுக்குவதையும் மரக்கறி ஏலம் கூறுவதையும் காணலாம். கதலி ஒரு சீப்பு வாங்கிக் கரியரில் கட்டுங்கள், இந்தப் பயணத்துக்கு அதைவிட நல்ல சாப்பாடு கிடையாது. பக்கத்துக் கடைகளில் தோசையும் வடையும் கிடைக்கும். இதுதான் வழியில் உருப்படியாகச் சாப்பிடக் கூடிய கடைசி இடம், இதைத் தாண்டினால் பெட்டிக்கடைதான்.

தண்ணீர்ப் போத்தலை இங்கே கடையில் வாங்கி நிரப்புங்கள், கிணற்றில் வேண்டாம். சுன்னாகம் மின்நிலையப் பகுதியிலிருந்து கழிவு எண்ணெய் நிலத்தடி நீரில் கலந்து, சுற்றுவட்டாரக் கிணறுகள் பழுதாகின. அந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2019இல் நட்டஈடு கொடுக்கும்படி தீர்ப்பும் வந்தது. சுண்ணக்கல்லுக்குள் தண்ணீர் எவ்வளவு சுலபமாக இறங்குமோ, எண்ணெயும் அவ்வளவு சுலபமாக இறங்கும்.

தண்டவாளத்தை விட்டு விலகிப் போகச் சொல்லும் முதல் இடம் கந்தரோடை. சுன்னாகத்திலிருந்து மேற்கே இரண்டு மூன்று கிலோமீற்றர், சைக்கிளில் கால் மணி நேரம். பனைகளுக்கு நடுவே வேலி போட்ட ஒரு வளவுக்குள் சின்னச் சின்னத் தூபிகள், முருகைக் கல்லில் கட்டியவை. சில ஆள் உயரம், சில அதற்கும் குறைவு, அண்டையில் அண்டையில் நெருங்கி நிற்கும். வாசலில் "கதுருகொட விகாரை" என்ற பலகை இருக்கும். அதைப் பார்த்தவுடன் சிலருக்கு முகம் சுருங்கும், சிலருக்கு மலரும். இந்தப் புத்த சின்னங்கள் யாருடையவை என்பது இங்கே தீராத வாக்குவாதம். தமிழர் பௌத்தராகவும் இருந்தார்கள் என்பதை நினைவில் வைத்தால் பாதிச் சண்டை ஓய்ந்துவிடும் என்பது என் கட்சி. 1970இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழக அருங்காட்சியகத்தின் குழு இங்கே தோண்டியபோது தூபிகளுக்கும் முந்திய பெருங்கற்காலக் குடியிருப்பின் கறுப்பு சிவப்பு மட்பாண்டங்கள் வந்தன. யாழ்ப்பாணத்தில் மனிதர் தொடர்ந்து வாழ்ந்த மிகப் பழைய இடங்களில் இது ஒன்று. செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போங்கள், தூபியில் ஏறவோ சாயவோ வேண்டாம், காவலுக்கு ஆள் இருப்பார்.

வந்த வழியே சுன்னாகம் திரும்புங்கள்.

நான்காம் கட்டம்: மல்லாகம், தெல்லிப்பழை

மல்லாகத்தில் நீதிமன்றம். அதைப் பார்க்காமல் போவது எப்போதும் நல்லது.

தெல்லிப்பழைக்கு வந்தால் துர்க்கை அம்மன் கோயிலில் ஒருக்கால் இறங்குங்கள். கோயில் என்றால் திருவிழாவும் அன்னதானமும் மட்டும் என்றிருந்த காலத்தில், ஆதரவற்ற பெண் பிள்ளைகளுக்கு ஒரு இல்லம் நடத்தி, போர்க்காலம் முழுவதும் அதைக் காத்தவர் தங்கம்மா அப்பாக்குட்டி. செவ்வாய், வெள்ளியில் சனம் அதிகம், சைக்கிளைப் பூட்டி வையுங்கள்.

1816இல் அமெரிக்க மிசன் யாழ்ப்பாணத்தில் முதலில் கால் ஊன்றியதும் தெல்லிப்பழையில்தான், இன்றைய யூனியன் கல்லூரி அந்த வருடத்தைத்தான் தன் தொடக்கமாகக் கொள்கிறது. ஆனால் நடக்கிறவர்களும் சைக்கிள் ஓடுகிறவர்களும் பார்க்க வேண்டிய கட்டடம் வேறு: தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையில் உள்ள புற்றுநோய்ப் பிரிவு. 2011இல் தெற்கே தெய்வேந்திரமுனையிலிருந்து வடக்கே பருத்தித்துறை வரை நாட்டின் நீளத்துக்கும் ஒரு நடைபயணம் நடந்தது. சேர்ந்த பணத்தில் எழும்பியது அந்தக் கட்டடம். வைத்தியசாலைக்குள் சுற்றுலாப் போகத் தேவையில்லை, வீதியிலிருந்து பார்த்தால் போதும்.

இதற்கு வடக்கே ஊரின் முகம் மாறும். வலிகாமம் வடக்கு 1990க்குப் பிறகு பல வருடங்கள் உயர் பாதுகாப்பு வலயமாக இருந்தது. போர் முடிந்த பிறகு காணிகள் பகுதி பகுதியாக விடுபட்டன, இன்னும் விடுபடாதவையும் உண்டு. ஆகவே இங்கே மூன்று விசயத்தில் கவனம் வேண்டும். ஒழுங்கை முள்ளுக்கம்பியில் முடிந்தால் மறுபேச்சில்லாமல் திரும்புங்கள், முகாம்களையும் காவலரண்களையும் படம் எடுக்காதீர்கள். பற்றை மூடிய வளவுகளுக்குள் இறங்காதீர்கள், பாழ் கிணறுகள் வாய் தெரியாமல் கிடக்கும், மிதிவெடி அகற்றிய பகுதியானாலும் தேவையில்லாத வேலை. மூன்றாவது, கூரையில்லாமல் ஆலமரம் முளைத்து நிற்கும் வீடுகள். அவற்றுக்குக் காணி உறுதி வைத்திருக்கும் சொந்தக்காரர் இருக்கிறார், பக்கத்து வீட்டிலேயே இருக்கலாம். உள்ளே போய் சுவரில் சாய்ந்து செல்பி எடுப்பது எங்கள் ஆட்களே செய்கிற அசிங்கம்.

ஐந்தாம் கட்டம்: மாவிட்டபுரம், கீரிமலை

மாவிட்டபுரம் நிலையத்தைத் தாண்டினால் கந்தசுவாமி கோயில். குதிரை முகத்தோடு பிறந்த சோழ இளவரசி மாருதப்புரவீகவல்லி கீரிமலையில் நீராடி முகம் மாறி, முருகனுக்குக் கட்டிய கோயில் என்பது கதை. இன்னொரு கதை கதையல்ல, 1968இல் நடந்தது. ஒடுக்கப்பட்ட சாதியினர் உள்ளே போய்க் கும்பிட உரிமை கேட்டு இந்த வாசலில்தான் நாட்கணக்கில் நின்றார்கள். அவர்களை அன்று மறித்து நின்றவர்களும் எங்கள் ஆட்கள்தான். கோயிலைப் பிள்ளைகளுக்குக் காட்டுகிறவர்கள் இரண்டையும் சொல்லிக் காட்டுங்கள்.

இங்கிருந்து கீரிமலைக்கு மேற்குப் பக்கமாகப் போக வேண்டும், சைக்கிளில் சில நிமிடங்கள்தான். இலங்கையின் பழைய ஐந்து சிவன் கோயில்களான பஞ்ச ஈச்சரங்களில் ஒன்றான நகுலேஸ்வரத்தில் கும்பிட்டுவிட்டுக் கேணிக்கு இறங்குங்கள். கடலுக்கும் கேணிக்கும் நடுவில் ஒரு சுவர்தான் இருக்கிறது. ஒரு பக்கம் உப்புத் தண்ணீர் அடித்துக்கொண்டிருக்க, மறுபக்கம் நிலத்தடியிலிருந்து ஊறி வரும் தண்ணீர் குளிர்ந்து கிடக்கும். வழியெல்லாம் கண்ட தோட்டக் கிணறுகளின் அதே சுண்ணக்கல் இங்கே கடலோரத்தில் வாய் திறக்கிறது. பெண்களுக்குத் தனியாக மறைப்போடு கேணி உண்டு. படிகளில் பாசி, பிடித்துக்கொண்டு இறங்குங்கள். வெயிலில் ஓடி வந்த சூட்டோடு உடனே குதிக்காதீர்கள், பத்து நிமிடம் நிழலில் இருந்து ஆறுங்கள். சவர்க்காரம் போடக் கூடாது.

ஆடி அமாவாசையில் பிதிர்க்கடன் செய்ய யாழ்ப்பாணம் முழுவதும் இங்கே நிற்கும். அன்று இந்தப் பயணத்தை நினைக்கவே வேண்டாம்.

ஆறாம் கட்டம்: காங்கேசன்துறை

கீரிமலையிலிருந்து கிழக்கே காங்கேசன்துறை. வழியில் சீமெந்துத் தொழிற்சாலையின் எச்சங்கள் தெரியும். 1950இல் உற்பத்தி தொடங்கி, 1990இல் போரோடு நின்றது. வடக்கின் பெரிய தொழிற்சாலை அது. அதற்குச் சுண்ணக்கல் அகழ்ந்த கிடங்குகள் சுற்றுவட்டாரத்தில் இன்னும் உண்டு, சிலவற்றில் பச்சை நிறத் தண்ணீர் நிற்கும். பார்க்க அழகு, இறங்கினால் ஆபத்து. விளிம்பு உக்கிக் கிடக்கிறது, பிள்ளைகளைக் கிட்ட விடாதீர்கள்.

காங்கேசன்துறை நிலையம்தான் வடக்குப் பாதையின் முடிவு. சரித்திரப்படி பார்த்தால் தொடக்கம். யாழ்ப்பாணக் குடாநாட்டில் முதன்முதலில் 1902இல் ரயில் ஓடியது காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்கும் இடையில், கொழும்பு வரை முழுப்பாதை இணைந்தது 1905இல். யாழ்தேவி ஓடத் தொடங்கியது 1956இல்.

துறைமுகம் பாதுகாப்புப் பகுதி, சும்மா பார்க்கப் போக முடியாது. நாகபட்டினத்துக்குக் கப்பல் சேவை 2023 ஒக்டோபரில் தொடங்கி, நின்று, 2024 ஓகஸ்டில் மறுபடி தொடங்கியது. அதில் வருகிறவர்கள் சிலர் சைக்கிளை எங்கே வாடகைக்கு எடுக்கலாம் என்று கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். பதில்: யாழ்ப்பாணத்தில். கடற்கரையில் சனம் போகும் பகுதியில் குளிக்கலாம், பின்னேரம் காற்று நன்றாக இருக்கும்.

திரும்பி வருவது

ரயிலில் சைக்கிளை ஏற்றுவது நீங்கள் நினைப்பதுபோல் தூக்கி உள்ளே வைக்கிற விசயமில்லை. எல்லா ரயிலிலும் இடம் கிடையாது, சாமான் பெட்டி உள்ள ரயிலில் பொதியாகப் பதிந்து அனுப்ப வேண்டி வரலாம். புறப்பட முதல் நாளே நிலைய அதிபரிடம் கேட்டுவிடுங்கள். அதிகம் பேர் செய்வது வேறு: ஒருவர் ஓட்டோவோ சிறிய லொறியோ பேசி சைக்கிள்களை ஏற்றி அனுப்புவார், மற்றவர்கள் ரயிலில் வருவார்கள். யாழ்ப்பாணம் வரை முக்கால் மணி நேரத்துக்குள் வந்துவிடும். மிதித்து வந்த ஒழுங்கைகளையும் இறங்கி உருட்டிய கடவைகளையும் யன்னலால் காணப் பிள்ளைகளுக்கு நல்ல விளையாட்டு, எந்தக் கடவை எது என்று பந்தயம் பிடிக்கலாம்.

முழுத் தூரமும் வேண்டாம் என்கிறவர்கள் இணுவிலில் தொடங்கித் தெல்லிப்பழையில் முடிக்கலாம். தோட்டம், சந்தை, கந்தரோடை எல்லாம் அதற்குள் அடங்கும், சின்னப் பிள்ளைகளுக்கும் ஒரு காலைக்குப் போதும்.

இன்னும் ஓட ஆசை உள்ளவர்களுக்குக் கிழக்குப் பக்கம் இருக்கிறது. யாழ்ப்பாணத்திலிருந்து நாவற்குழி, சாவகச்சேரி, மீசாலை, கொடிகாமம் என்று தென்மராட்சிப் பகுதிக்குள் போகும் பாதை. செம்மணி வெளியையும் கடனீரேரிப் பாலத்தையும் கடக்கும்போது நிழல் என்பது மருந்துக்கும் கிடையாது. கண்டி வீதியில் பஸ்சும் லொறியும் பறக்கும், ஆகவே பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நாவற்குழி வரை ஓட வேண்டாம், சைக்கிள்களை வாகனத்தில் ஏற்றிச் சாவகச்சேரியில் இறக்குங்கள். அதற்கு அங்கால் மண் வெள்ளை, தோப்பு நிழல், பலாவும் மாவும். ஆனி, ஆடியில் போனால் வெறும் கரியரோடு திரும்ப மாட்டீர்கள், ஒரு சாக்கும் கயிறும் எடுத்துப் போங்கள்.